ஏரி வாரியமும் எழுதி வைத்த கணக்கும்

வாலாஜா என்னும் பெயரைத் தாங்கிய ஊர்கள் நம் மாநிலத்தின் வடபகுதியில் இரண்டு உண்டு. ஒன்று இராணிப்பேட்டையை அடுத்த வாலாஜாப்பேட்டை. மற்றொன்று செங்கற்பட்டிலிருந்து காஞ்சிபுரம் செல்லும் வழியில் பாலாற்றங்கரையில் அமைந்துள்ள வாலாஜாபாத். இரண்டுமே ஆற்காட்டு நவாப் முஹம்மது அலி வாலாஜாவின் பெயரால் வழங்கி வருபவை. திருமண அழைப்பிதழில் ஒன்றுக்கு மற்றொன்றை அச்சிட்டு, விருந்தினரை வேறு மாவட்டத்திற்கு அலைய விட்ட கதைகளும் நம்மிடையே உண்டு. யாம் சென்றது வாலாஜாபாத்திற்கு. அங்கிருந்து உத்திரமேரூர் சென்று, அங்குள்ள கல்வெட்டுகளை மதரஸா மாணவர்களுக்குக் காட்ட வேண்டும் என்பது நீண்ட நாளைய எண்ணம்.

பஜ்ருத் தொழுகை முடிந்ததும் மாணவர் அறுவருடன் ஆற்றங்கரையில் நின்றோம். பாலாறு என்பது ஆண்டின் பெரும்பகுதி மணலாறுதான். ஆயினும் 2021 நவம்பரில் பெருவெள்ளம் வந்தபோது, வாலாஜாபாத்தையும் எதிர்க்கரை அவளூரையும் இணைக்கும் தரைப்பாலம் சேதமுற்று, அக்கரை ஊர்களின் மக்கள் பெருந்தொலைவு சுற்றிச் செல்ல நேர்ந்தது. பல ஆண்டுகள் நீரின்றி வாடும் ஊர், ஓராண்டு நீராலேயே துண்டிக்கப்படுகிறது.

வாலாஜாவின் பெயரை உச்சரிக்கும்போது ஒரு வரலாற்றுச் செய்தியையும் நினைவுகூர வேண்டும். இப்பகுதி அடங்கிய செங்கற்பட்டுச் சீமையை 1763இல் கும்பெனியாருக்கு ஜாகீராக அளித்தவர் அவரே. கும்பெனியின் பொறியாளர் தாமஸ் பர்னார்டு 1767 முதல் 1774 வரை அச்சீமையின் ஏறத்தாழ இரண்டாயிரம் ஊர்களை அளந்து விவரம் திரட்டினார். அப்பதிவுகளைப் படிப்போர் ஒன்றைக் காணலாம். களத்துமேட்டில் நெல் குவிந்ததும், அரசின் பங்கைப் பிரிப்பதற்கு முன்னரே, கணக்கருக்கும் தச்சருக்கும் கொல்லருக்கும் கோயிலுக்கும் பக்கீர்களுக்கும் இன்ன அளவு என்று ஒதுக்கும் வழக்கம் இருந்தது. ஏரியின் பராமரிப்புக்கும் அவ்வாறே ஒரு பங்கு. அந்நெல் ஊரைவிட்டு வெளியே போகவில்லை. கும்பெனி ஆட்சி வேரூன்றியபின் வருவாய் கருவூலத்தை நோக்கிச் சென்றது. ஏரிக்குரிய பணம் அங்கிருந்து திரும்பி வரவேண்டியதாயிற்று. வந்தது குறைவு. மக்கள் தாமாகச் செய்துவந்த குடிமராமத்தும் தளர்ந்தது. தளர்ந்ததைச் சட்டத்தால் நிமிர்த்த எண்ணி, 1858இல் சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. பங்கை எடுத்துக்கொண்டு உழைப்பை மட்டும் கேட்டால் எவர்தாம் மனமுவந்து மண்வெட்டி எடுப்பர்?

பழையசீவரத்தைக் கடந்து, பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில் சிறிது நேரம் தங்கினோம். அங்குள்ள பெருமாள் கோயிலில் வீரராசேந்திர சோழன் காலத்து 11ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு உள்ளது. கோயிலைச் சார்ந்த கல்விச்சாலையையும், 15 படுக்கைகள் கொண்ட மருத்துவசாலையையும், மருத்துவர் முதலானோர்க்குரிய நெல்லையும் காசையும் அது விவரிக்கிறது. மருத்துவசாலை இன்று இல்லை. எதற்கு எவ்வளவு என்ற கணக்கு மட்டும் கல்லில் நிற்கிறது.

வழியில் ஒரு சிற்றூரின் ஏரிக்கரையில் தேநீருக்காக இறங்கினோம். மதகருகே அமர்ந்திருந்த முதியவர், நீர்க்கட்டி வேலை பார்த்த குடும்பத்தைச் சேர்ந்தவர். "வாங்க பாய், பசங்களைக் கூட்டிக்கிட்டு எங்கே?" என்று விசாரித்தார். அவர் தந்தையார் காலத்தில் மதகைத் திறப்பதும் அடைப்பதும் இன்ன வயலுக்கு இத்தனை நாழிகை என்பதும் நீர்க்கட்டியின் வாய்மொழியே. அறுவடையில் அவருக்கு நெல் உண்டு. "இப்ப நெல்லும் இல்லே, கேக்கறவங்களும் இல்லே. கலங்கல் ஒசரம் கொறைஞ்சு போச்சு. யார் கொறைச்சாங்கன்னு ஊருக்கே தெரியும், எழுத்திலே மட்டும் இல்லே" என்றார். "பெரியவரே, தூர் வாரினார்களா?" என்று கேட்டோம். "வாரினாங்க. மண்ணு போன லாரியை எண்ணினோம். ஏரிக்குள்ளே ஆழத்தை எவரும் அளக்கலே" என்றார்.

உத்திரமேரூரை அடைந்தபோது நண்பகலாகிவிட்டது. சபை கூடிய மண்டபத்தின் சுவரெங்கும் எழுத்துகள். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919இலும் 921இலும் வெட்டப்பட்ட இரு கல்வெட்டுகளே இவ்வூரை உலகறியச் செய்தன. முப்பது குடும்புகளாக ஊரைப் பிரித்து, பெயரெழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் செய்தனர். தேர்ந்த முப்பதின்மருள் சம்வத்சர வாரியத்திற்குப் பன்னிருவர், தோட்ட வாரியத்திற்குப் பன்னிருவர், ஏரி வாரியத்திற்கு அறுவர். பதவிக்காலம் 360 நாட்கள். இதனைக் குடியாட்சியின் தொட்டில் என்று புகழ்வோர் மிகப் பலர். எமக்கு அதில் முழு உடன்பாடில்லை. அது பிராமணர் ஊரின் சபை. கால்வேலிக்கு மேற்பட்ட இறைநிலமும், மறையறிவும் உடைய ஆடவர்க்கே அதில் இடம். சேற்றில் இறங்கி உழுதவனின் பெயர் குடத்திற்குள் சென்றதில்லை.

ஆனால் தகுதியின்மைகளைக் கூறும் பகுதியில் மாணவர்களை நிறுத்திப் பொருள் சொன்னோம். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் தேர்ந்தெடுக்கப்படலாகாது. அவருடைய நெருங்கிய உறவினர் பலரும் ஆகார். மூன்றாண்டுகளுக்குள் பதவி வகித்தவரும் ஆகார். ஏரியின் தூரை ஆண்டுதோறும் வாருவதற்குத் தனியார் அளித்த பொன்னையும் நிலத்தையும் இவ்வூர்ச் சபையார் ஏற்றுக்கொண்ட செய்திகள் பல்லவர் காலத்திலேயே காணப்படுகின்றன. பிறர் கொடுத்த பொன் கையில் இருந்ததனாற்போலும், கணக்கைப் பற்றி இத்துணைக் கடுமை! மாணவன் ஒருவன், "நம் மஹல்லாவில் கூட மச்சான் கணக்குக் காட்டாவிட்டால் மைத்துனர் முத்தவல்லி ஆகலாமே, உஸ்தாத்" என்றான். யாம் மறுமொழி கூறவில்லை.

ஸ்பெயினின் வலென்சியாவிலும் இதற்கொப்பான ஒன்று இன்றளவும் நடைபெறுகிறது. வியாழக்கிழமைதோறும் நண்பகலில், பெரிய தேவாலயத்தின் வாயிலில், எட்டு வாய்க்கால்களின் பிரதிநிதிகள் கூடித் தண்ணீர் வழக்குகளை வாய்மொழியாகவே விசாரித்துத் தீர்க்கின்றனர். முஸ்லிம்கள் ஆண்ட காலத்தில் தோன்றிய முறை என்பது அவ்வூர் மரபு. வாய்க்காலுக்கு அவர்கள் வழங்கும் 'அஸெக்கியா' என்ற சொல்லே அரபியின் 'அஸ்ஸாகியா'தான். 2009இல் யுனெஸ்கோ அதனை மானுட மரபுச் செல்வமாக ஏற்றது. தீர்ப்பளிப்போர் உழவர்கள். தீர்ப்புப் பிழையாயின் அவர்தம் வயலும் காயும்.

நம் நாட்டிலும் முயற்சி இல்லாமலில்லை. 2017 மார்ச்சில் இம்மாவட்டத்தின் மணிமங்கலத்து ஏரியில்தான் குடிமராமத்துத் திட்டம் புத்துயிர் பெற்றது. பாசன விவசாயிகளே பணியை ஏற்பர், செலவில் பத்தில் ஒரு பங்கைப் பணமாகவோ உழைப்பாகவோ அளிப்பர் என்பது ஏற்பாடு. நல்ல ஏற்பாடே. எனினும் விவசாயிகளின் பெயரில் ஒப்பந்ததாரரே வேலை செய்தார் என்ற குறை பல இடங்களில் எழுந்தது. அந்தப் பத்தில் ஒரு பங்கை அவரே கட்டிவிட்டால், கணக்குக் கேட்கும் உரிமையும் அவரிடமே போய்ச் சேர்கிறது.

காஞ்சிபுரம் மாவட்டத்தில் நீர்வளத் துறையின் பொறுப்பிலுள்ள ஏரிகள் 381. நாற்பது ஹெக்டேருக்குக் குறைந்த பாசனமுள்ளவை ஊராட்சி ஒன்றியங்களின் பொறுப்பு. 2022 முதல் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூட வேண்டும். அவற்றுள் ஒரு நாள் மார்ச் 22, உலகத் தண்ணீர் நாள். ஏரிக்கரை முதியவர் அளக்கச் சொன்ன ஆழத்தைத் தீர்மானப் புத்தகத்தில் ஏற்ற அந்நாளினும் ஏற்ற நாள் வேறில்லை. உத்திரமேரூரில் மட்டும் அதற்கு வழியில்லை. அவ்வூர் இன்று பேரூராட்சி. கிராம சபை ஊராட்சிகளுக்கே உரியது.

அஸர் தொழுகைக்குப் பின் ஏரிக்கரையில் மாணவர்கள் நடந்து பார்த்தனர். கரை உறுதியாக இருந்தது. நீர் பாதிக்கும் கீழே நின்றது.