உப்பளத்து ஓரம் நிற்கும் குடில்கள்

வெனிசுவேலாவின் கரையிலிருந்து வடக்கே சுமார் 80 கிலோமீட்டர் தள்ளி, கரீபியன் கடலில் இருக்கிறது பொனேர் என்ற டச்சுத் தீவு. பரப்பு 288 சதுர கிலோமீட்டர். அதைச் சுற்றியுள்ள கடல் 1979 முதல் பாதுகாக்கப்பட்ட பூங்கா என்பதால், ஸ்கூபா டைவிங் செய்கிறவர்கள் உலகெங்கிலுமிருந்து அங்கே வருகிறார்கள். கூட வந்தும் கடலில் இறங்காதவர்களுக்குப் பொழுதுபோக வேறு சில இடங்களைச் சுற்றுலா வழிகாட்டிகள் காட்டுவார்கள். உப்பேரியில் மேயும் பூநாரைகள், இளஞ்சிவப்பாகத் தெரியும் உப்பளப் பாத்திகள், வடக்கே கள்ளிக்காடாகக் கிடக்கும் தேசியப் பூங்கா, தெற்குக் கரையில் அடிமைக் குடில்கள். குடில்களுக்குக் கிடைப்பது கால் மணி நேரம். வண்டியை நிறுத்தி, இறங்கி, நீலக்கடலைப் பின்னால் வைத்துப் படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். குடில்களை மட்டும் பார்ப்பவருக்கு, அங்கே எவ்வளவு நேரம் நின்றாலும் அவை தவறாகத்தான் புரியும் என்று நினைக்கிறேன். அவற்றை அருகிலுள்ள கல்தூணோடும் தீவின் உள்ளே இருக்கும் ரின்கோன் என்ற ஊரோடும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அப்போதுதான் அவை யாருடைய தேவைக்காகக் கட்டப்பட்டவை என்பது விளங்கும்.

முதலில் குடிலைப் பார்ப்போம். இரண்டு வரிசைகள் இருக்கின்றன. ஒன்று வெள்ளைச் சாந்து பூசியது, மற்றொன்று காவி கலந்த மஞ்சள். கடலோடு ஒட்டிய சமதரை. மருந்துக்கும் ஒரு மரம் கிடையாது. சுவர் கல்லும் சுண்ணாம்பும். இரு பக்கமும் சரியும் கூரை, காற்றுக்குச் சின்னத் திறப்பு. வாசலின் உயரம் வளர்ந்த ஆளின் இடுப்பளவுதான். குனிந்து போனால் போதாது, ஏறக்குறைய தவழ்ந்துதான் உள்ளே நுழைய முடியும். அடுப்படியோ திண்ணையோ இல்லை. இரவில் படுக்கவும், கையிலிருக்கும் இரண்டொரு சாமானை வைக்கவும் தவிர வேறெதற்கும் அங்கே இடமில்லை. கட்டிய ஆண்டு 1850.

அருகே நிற்கும் தூண் அதற்கு முந்தியது. 1838 வாக்கில் இந்தக் கரையில் சிவப்பு, வெள்ளை, நீலம், ஆரஞ்சு என்று நான்கு கல்தூண்கள் எழுப்பப்பட்டன. டச்சுக் கொடியின் மூன்று நிறங்களும் அரச குடும்பத்தின் நிறமும் அவை. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 9 மீட்டர் உயரம். வரும் கப்பல் எந்தப் பாத்தியின் எதிரே நங்கூரம் போட்டு உப்பு ஏற்ற வேண்டும் என்பதைக் கடலிலிருந்தே கண்டுகொள்ள அந்த நிறம் உதவியது. அதே காலத்தில் தென்முனையில் ஒரு கலங்கரை விளக்கமும் எழுந்தது. கப்பலுக்கு வேண்டிய கல்வேலை முடிந்து பன்னிரண்டு ஆண்டுகள் போன பிறகுதான் உப்பு வாரியவர்கள் தலைசாய்க்கக் கல்லில் ஒரு கூரை வந்தது. அதுவும் இடுப்புயர வாசலோடு.

டச்சுக்காரர்கள் 1636-இல் இந்தத் தீவைப் பிடித்ததற்கு உப்பும் ஒரு காரணம். அவர்களுடைய ஹெர்ரிங் மீன் வணிகம் உப்பில்லாமல் நடக்காது. ஸ்பெயினோடு போர் நடந்துகொண்டிருந்ததால் ஐபீரியக் கரை உப்பை நம்ப முடியவில்லை. பொனேரில் மழை குறைவு, காற்று ஓயாது. பாத்தியில் தேக்கிய கடல்நீர் தானே சுண்டி உப்பாகப் பூத்துவிடும். அதன் பிறகுள்ள வேலையைச் செய்ய மனிதர்கள்தான் வேண்டும். கட்டிய உப்பை உடைத்து, வாரி, சுமந்து, கரையில் அம்பாரமாகக் குவித்து, படகில் ஏற்ற வேண்டும். வெள்ளை உப்பில் எதிரொளிக்கும் வெயில் கண்ணைப் பறிக்கும். உப்புநீர் கால் தோலை அரிக்கும். கரீபியனின் வேறொரு பகுதியான டர்க்ஸ் தீவின் உப்பளத்தில் அடிமையாக உழைத்த மேரி பிரின்ஸ் என்ற பெண்ணின் வாழ்க்கை வரலாறு 1831-இல் லண்டனில் வெளியானது. நாளெல்லாம் உப்புநீரில் நின்றதால் காலில் புண் வெடித்த கொடுமை அதில் பதிவாகியிருக்கிறது. தீவு வேறு, எசமானர் வேறு, வேலை ஒன்றுதான்.

பொனேரில் எசமானர் யார் என்பதுதான் என் வாதத்துக்கு முக்கியம். தொடக்கத்தில் டச்சு மேற்கிந்தியக் கம்பெனி, பிறகு காலனி அரசு. அடிமைகளில் பெரும்பாலோர் அரசின் உடைமை. ஆகவே இந்த வாசலின் உயரத்தை ஒரு தனி முதலாளியின் கஞ்சத்தனம் என்று ஒதுக்கிவிட முடியாது. தூணும் கலங்கரை விளக்கமும் குடிலும் அரசின் உப்புத் தொழிலுக்காகவே எழுந்தவை. அந்தத் தொழிலாளிகளின் வீடு உப்பளத்தில் இல்லை. மனைவி மக்கள் இருந்தது ரின்கோனில்; குடில்களிலிருந்து நேராக அளந்தாலே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் வடக்கே. வார இறுதியில் பல மணி நேரம் நடந்து போய், மறுபடி வேலைக்கு நடந்தே திரும்பினார்கள். அதனால் குடிலை ‘அடிமைகளின் வீடு’ என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. மண்வெட்டியும் கூடையும்போல அதுவும் உப்பளத்துத் தளவாடம். ஆளை வாரம் முழுதும் பாத்தியருகே நிறுத்திவைக்க ஆன செலவு அது.

முன்பிருந்த தங்குமிடத்தைவிடக் கல்குடில் மேல்தானே என்று ஒருவர் கேட்கலாம். மேல்தான்; காற்றுக்கும் மழைக்கும் அது நிற்கும், இன்றும் நிற்கிறது. ஆனால் ஒரு முன்னேற்றத்தை எடைபோடும்போது, செய்தவரால் அதைவிட என்ன செய்ய முடிந்திருக்கும் என்பதையும் சேர்த்தே எடைபோட வேண்டும். ஒன்பது மீட்டர் தூணை நிறுத்தத் தெரிந்த அரசுக்கு, ஆள் நிமிர்ந்து நுழையும் வாசல் வைக்கத் தெரியாமல் இருந்திருக்காது. பின்னாளில் பழுதுபார்த்துச் சாந்து பூசிய கட்டடத்தைச் சான்றாகக் கொள்ளலாமா என்பது இன்னொரு கேள்வி. புதுப்பூச்சு குடிலுக்கு ஒரு பொய்யான அழகைத் தந்திருப்பது உண்மை. படம் எடுக்கத் தூண்டுவதும் அந்த அழகுதான். நான் சாட்சிக்கு அழைப்பது பூச்சை அல்ல. வாசலின் அளவும், நிற்கும் இடமும், ரின்கோனுக்குள்ள தூரமுமே போதும்.

ஓய்வெடுக்க வந்தவர்கள்மேல் துயரத்தைச் சுமத்துவதா என்ற ஆட்சேபத்தை நான் அலட்சியமாக எடுத்துக்கொள்ளவில்லை. ஓய்வு எல்லோருக்கும் தேவை. ஆனால் இந்த வரலாறு பயணியின் பாதைக்கு வெளியே இல்லை. டைவிங் செய்கிறவர்கள் சிலிண்டரை முதுகில் மாட்டிக்கொள்வது இந்தக் குடில்களின் முன்னால்தான். அங்குள்ள இரண்டு டைவிங் துறைகளுக்கு வைத்திருப்பதே குடில்களின் பெயர். படம் எடுக்கும் பாத்தியில் இன்றும் உப்பு விளைகிறது, கப்பல் ஏறுகிறது. இது முடிந்துபோன கணக்கும் அல்ல. 1863 ஜூலை 1-இல் கரீபியன் பகுதியின் டச்சுக் காலனிகளில் அடிமைமுறை ஒழிந்தபோது, பொனேரில் தனியார் எசமானர்களுக்குத் தலைக்கு 200 கில்டர் நஷ்டஈடு கிடைத்தது. விடுதலையானவர்களுக்கு எதுவும் கிடைக்கவில்லை. டச்சுப் பிரதமர் மன்னிப்புக் கேட்டது 2022 டிசம்பரில். மன்னர் கேட்டது 2023 ஜூலை 1-இல்.

பொனேருக்குப் போகிறவர் இதற்காக அரைநாள் ஒதுக்கினால் போதும். வெயில் ஏறும் முன் தெற்கே போய், முதலில் தூணையும் அடுத்துக் குடிலையும் பார்க்கலாம். பிறகு அதே வண்டியில் வடக்கே ரின்கோனுக்குப் போகலாம். அங்கே ‘மங்காசினா டி ரெய்’ என்ற அரசுக் கிடங்கு, 1824-இல் கட்டியது, இப்போது பண்பாட்டு மையமாக இருக்கிறது. குடிலருகே விளக்கம் சொல்ல ஆளில்லை. ரின்கோனில் உள்ளூர்க்காரர்களே தங்கள் முன்னோர் கதையைச் சொல்கிறார்கள்.