மாசு நீக்க ஒரு மாசு

வேதியியல் பாடப்புத்தகத்தில் ‘மாசூட்டல்’ என்று ஒரு சொல் உண்டு. குறைகடத்திப் பொருளில் வேண்டுமென்றே வேறொரு தனிமத்தைத் துளியளவு சேர்ப்பதற்கு அந்தப் பெயர். முப்பது வருடம் அதை வகுப்பில் சொல்லியிருக்கிறேன். அதன் வேடிக்கை இப்போதுதான் உறைக்கிறது. தண்ணீரின் மாசைப் போக்க, பொடிக்கு மாசூட்டுகிறார்கள்!

பொடி நமக்குத் தெரிந்ததுதான். வெள்ளை பெயிண்டில் இருக்கும் டைட்டானியம் டை ஆக்சைடு. அதன் மேல் வெளிச்சம் பட்டால் ஓர் எலக்ட்ரான் துள்ளி எழும். அது இருந்த இடம் காலித் துளையாகும். இந்த இரண்டும் தண்ணீரையும் ஆக்சிஜனையும் தூண்டிவிட்டு, சாய மூலக்கூறுகளை உடைக்கின்றன. இதே பொருளையும் வெளிச்சத்தையும் கொண்டு தண்ணீரையே பிரிக்கலாம் என்று 1972இல் ஜப்பானின் ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் காட்டினார்கள்.

சிக்கல் ஒன்றுதான். இந்தப் பொடிக்குப் புற ஊதாக் கதிர்தான் வேண்டும். நம் வெயிலில் அது நூற்றுக்கு ஐந்து பங்குகூடத் தேறாது. அதனால்தான் இரும்பு போன்ற உலோகங்களைச் சேர்க்கிறார்கள். அப்போது கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தையும் பொடி ஓரளவு பிடித்துக்கொள்ளும்.

1994இல் கலிபோர்னியாவில் மூன்று பேர் 21 உலோகங்களை ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். துகளின் அளவு இரண்டு முதல் நான்கு நானோமீட்டர். (ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பிரித்தால் ஒரு நானோமீட்டர்.) இருநூறு அணுவுக்கு ஒன்று என்ற அளவில் இரும்பு சேர்த்தபோது வேலை நன்றாக நடந்தது. கோபால்ட்டும் அலுமினியமும் இருந்த வேலையையும் கெடுத்தன.

என் பழைய மாணவி ஒருத்தி இதில்தான் ஆராய்ச்சி செய்கிறாள். போன மாதம் வீட்டுக்கு வந்தவள், “சார், இரும்பைக் கூட்டக் கூட்டப் பொடி நல்லா நிறம் ஏறுது. ஆனா சாயம் போகவே மாட்டேங்குது” என்று சோர்ந்துபோய்ச் சொன்னாள். காரணம் இருக்கிறது. இரும்பு கொஞ்சமாக இருந்தால் எலக்ட்ரானைச் சற்றுப் பிடித்து வைத்து, துளையோடு சேரவிடாமல் தடுக்கும். அதிகமானால் அந்த இரும்பே இரண்டும் சந்திக்கும் இடமாகிவிடும். பிடித்த வெளிச்சமெல்லாம் வெறும் சூடாகப் போய்விடும். பாலுக்கு உறை ஊற்றுவது போலத்தான், அளவு முக்கியம். “குறைச்சுப் பாரும்மா. நிறம் போனா மட்டும் போதாது, மூலக்கூறு முழுசா உடைஞ்சுதான்னும் பாரு” என்றேன்.

அன்று ஊரிலிருந்து வந்திருந்த என் மைத்துனர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அவருடைய நிலம் ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே இருக்கிறது. பாசனத்துக்காகக் கட்டிய அணை அது. திருப்பூர்ச் சாயக் கழிவு தேங்கிய கதை உங்களுக்குத் தெரியும். “ஏனுங் மாமா, இந்தப் பொடியக் கொட்டுனா நொய்யல் பழையபடி ஆயிருமா?” என்று கேட்டார்.

அவரிடம் பொய் சொல்ல மனம் வரவில்லை. வெளிச்சம் சாயத்தை உடைக்கும். சாயப் பட்டறையில் சேர்க்கும் உப்பை உடைக்காது. அவர் நிலத்தைக் கெடுத்ததோ அந்த உப்புதான். பட்டறை வாசலில், தொட்டிக்குள், மற்ற சுத்திகரிப்போடு சேர்ந்து இந்தப் பொடி ஒருநாள் உதவலாம். ஆற்றில் இறங்கிய பிறகு உதவாது.

“அப்ப ஆத்துல உடாம இருக்கறதுதான் வழிங்களா?” என்றார். ஆமாம் என்றேன்.