பென்சில் குறி போட்ட இடங்கள்

டோம்பிவிலி, 2018 ஏப்ரல். தபாலில் வந்த உறையைப் பிரித்துப் படித்தவருக்கு முதலில் விஷயம் பிடிபடவில்லை. இரண்டாம் முறை படித்தபோது புரிந்தது. காப்பீட்டு பாலிசியின் இரண்டாம் ஆண்டு பிரிமியமான 5 லட்ச ரூபாயை மாத இறுதிக்குள் கட்டும்படி சொன்னது கடிதம். ஒரே தடவை கட்டினால் போதும் என்று நம்பித்தான் அவர் போன வருடம் முதல் 5 லட்சத்தைக் கொடுத்திருந்தார். இன்னும் ஒன்பது தவணைகள் பாக்கி.

அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து 1981இல் பம்பாய்க்கு ரயிலேறி வந்தவர் அவர். தானேயில் ஒரு பொறியியல் தொழிற்சாலையில் 36 வருட வேலை. அதுவும் கணக்குப் பிரிவில். கம்பெனி பேரேட்டில் ஒரு ரூபாய் இடித்தால் இரவு எட்டு மணியானாலும் வீட்டுக்குக் கிளம்பாத மனிதர். ஆனால் 2017 மார்ச்சில், 60 வயதில் ஓய்வு பெற்று, வருங்கால வைப்பு நிதி, பணிக்கொடை, விடுப்புச் சம்பளம் எல்லாமாகச் சேர்ந்து 45 லட்ச ரூபாய் கைக்கு வந்த அடுத்த மாதமே, நாற்பது பக்க விண்ணப்பம் ஒன்றில் ஒரு வரிகூடப் படிக்காமல் கையெழுத்துப் போட்டார். அடுத்தவர் பணத்தில் காட்டும் கறாரைத் தன் பணத்தில் காட்ட பலருக்கும் கூச்சமாக இருக்கிறது.

இத்தனைக்கும் அவரை யாரும் மிரட்டவில்லை. இருபது வருடமாகச் சம்பளம் விழுந்த அதே வங்கிக் கிளை. குளிரூட்டிய அறை, இஞ்சி டீ, "அங்கிள், உங்களுக்குன்னே ஒரு திட்டம்" என்று குழைந்த இளைஞர். அந்த இளைஞர் கையெழுத்துப் போட வேண்டிய இடங்களில் பென்சிலால் சின்னச் சின்னக் குறிகள் போட்டு வைத்திருந்தார். அந்தக் குறிகள் அவருக்குப் புதிதல்ல. வீட்டில் எந்தப் படிவமானாலும் அவர் பென்சில் குறி போடுவார், அவருடைய மனைவி அந்த இடத்தில் கையெழுத்துப் போடுவார். என்ன ஏது என்று அந்த அம்மாள் கேட்டதில்லை. இவரும் சொன்னதில்லை.

பாலிசி பிடிக்கவில்லையென்றால் பத்திரம் கைக்கு வந்த 15 நாட்களுக்குள் திருப்பிக் கொடுத்துப் பணத்தைப் பெறலாம் என்பது அப்போதைய விதி. (இப்போது 30 நாட்கள்.) பத்திரம் வந்த அன்றே பீரோவுக்குள் போய்விட்டது. பதினாறாவது நாளைப் பற்றி யாருக்கும் கவலை இருக்கவில்லை.

கடிதத்தை நான்கு நாள் மனைவியிடம் மறைத்தார். ஐந்தாம் நாள் இரவு சாப்பாட்டில் கை வைக்காமல் எழுந்தபோது விஷயம் வெளியே வந்தது. அந்த அம்மாள் அழவில்லை, திட்டவும் இல்லை. "போனது போகட்டும். அடுத்த அஞ்சு லட்சத்தைக் கொடுக்கிறதுக்கு முன்னாடி விவரம் தெரிஞ்ச யார்கிட்டயாவது கேளுங்க" என்றார்.

விவரம் தெரிந்தவரைத் தேடுவது எளிதாக இல்லை. எதிர்வீட்டுக்காரர் காப்பீட்டு ஏஜென்ட். மைத்துனர் மகன் மியூச்சுவல் ஃபண்ட் விற்பவர். இருவரும் நல்லவர்கள்தான், ஆனால் அவர்களுடைய வருமானம் இவர் எதை வாங்குகிறார் என்பதைப் பொறுத்தது. 2013இல் செபி ஒரு புது ஏற்பாடு கொண்டுவந்தது. பதிவு பெற்ற முதலீட்டு ஆலோசகர், வாடிக்கையாளரிடம் கட்டணம் வாங்கிக்கொண்டு யோசனை சொல்ல வேண்டும். 2020இல் விதிகள் மேலும் இறுகின. ஒரே வாடிக்கையாளருக்கு யோசனையும் சொல்லி, கமிஷனுக்குப் பொருளும் விற்பது கூடாது என்று ஆனது. தானேயில் அப்படி ஒரு பெண் ஆலோசகர் இருப்பதாகத் தெரிந்தது. அவருடைய பதிவு எண்ணை செபியின் பட்டியலில் சரிபார்த்த பிறகே போனார்கள்.

கட்டணம் 15,000 ரூபாய் என்றதும் இவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. பேசுவதற்கு இவ்வளவா? அந்த மராட்டியப் பெண் சிரித்துக்கொண்டே, போன வருடம் கட்டிய 5 லட்சத்தில் விற்றவர்களுக்கு எவ்வளவு போயிருக்கும் என்று கேட்டார். இவருக்குத் தெரியாது. காசோலை எழுதிக் கொடுப்பது வலிக்கிறது. பிரிமியத்துக்குள் ஒளிந்து போவது வலிப்பதில்லை.

பாலிசி விஷயம் பத்து நிமிடத்தில் முடிந்தது. பங்குச் சந்தையோடு இணைந்த காப்பீடு அது. 2010 செப்டம்பருக்குப் பிறகு விற்கப்பட்ட இத்தகைய பாலிசிகளில் ஐந்து வருடம் பணத்தை எடுக்க முடியாது. பிரிமியத்தை நிறுத்தினால் அதிகபட்சம் 6,000 ரூபாய் பிடித்துக்கொண்டு, மீதியைக் குறைந்தது 4 சதவீத வட்டி தரும் தனி நிதிக்கு மாற்றி, ஐந்தாம் ஆண்டு முடிவில் தருவார்கள். "கட்ட வேண்டாம். 2022 வரை அதை மறந்துவிடுங்கள்" என்றார் ஆலோசகர்.

அடுத்த கேள்விதான் நீண்ட நேரம் பிடித்தது. மாதச் செலவு எவ்வளவு? "25,000 இருக்கும்" என்றார் இவர். மனைவி ஒன்றும் சொல்லாமல் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து மேஜைமேல் வைத்தார். பால், காய்கறி, சொசைட்டி கட்டணம், இருவரின் மருந்து, வருடத்துக்கு ஒருமுறை ஊர்க் கொடைக்குப் போய்வரும் செலவு எல்லாம் அதில் இருந்தன. பன்னிரண்டால் வகுத்தால் 34,600. அந்த அம்மாள் மார்க்கெட்டில் பழகிய மராட்டியிலேயே வரி வரியாக விளக்கியபோது கணக்குப் பிரிவுக்காரர் சும்மா உட்கார்ந்திருந்தார்.

பிறகு ஆலோசகர் மெதுவாகக் கேட்டார். "உங்களுக்கு 61. அம்மாவுக்கு 55. இந்தப் பணம் எத்தனை வருடம் வர வேண்டும்?" இவர் இருபது என்றார். ஆலோசகர் முப்பத்தைந்து என்று எழுதினார். இவர் போன பிறகு அந்த அம்மாள் தனியாக வாழக்கூடிய வருடங்களை இவர் கணக்கிலேயே சேர்க்கவில்லை. விலைவாசி வருடம் 6 சதவீதம் ஏறினால் பன்னிரண்டு வருடத்தில் செலவு இரட்டிப்பாகும். 2030இல் அதே குடும்பத்துக்கு மாதம் 70,000 தேவைப்படும். இதைக் கேட்டுவிட்டு வெளியே வந்தவர்கள் தானே ஸ்டேஷன்வரை ஒரு வார்த்தையும் பேசிக்கொள்ளவில்லை.

திட்டம் சாதாரணமானதுதான். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் அப்போதைய உச்சவரம்பான 15 லட்சம், 8.3 சதவீத வட்டிக்கு. உச்சவரம்பு 15 லட்சமாக உயர்ந்திருந்த பிரதமர் வய வந்தனா திட்டத்தில் 15 லட்சம், மாதம் 10,000 ரூபாய்க்கு. (அந்தத் திட்டம் 2023 மார்ச்சோடு மூடப்பட்டது.) 4 லட்சம் வங்கியில், ஆஸ்பத்திரிச் செலவுக்கு. தொழிலாளர் பென்ஷன் மூவாயிரத்தையும் சேர்த்தால் மாதம் 23,000 சொச்சம். பற்றாத 11,000 ரூபாய்க்கு ஆலோசகரிடம் மந்திரம் எதுவும் இருக்கவில்லை. "இன்னும் சில வருடம் ஏதாவது வேலை பாருங்கள்" என்று முகத்துக்கு நேரே சொன்னார். இவர் ஒரு மருந்துக் கடையில் மாலை நேரக் கணக்கெழுதப் போனார். மாதம் 12,000.

மீதி 6 லட்சத்தில்தான் தகராறு. அதைக் கமிஷன் இல்லாத நேரடித் திட்டத்தில், குறியீட்டு எண்ணைப் பின்பற்றும் பங்கு நிதியில், ஒரு வருடத்துக்குத் தவணையாகப் போடச் சொன்னார் ஆலோசகர். அது 2033 வரை தொடாத பணம். மனைவியின் எழுபதுகளுக்கானது. இவர் மறுத்தார். 2001 ஜூலையில் யூனிட் டிரஸ்டின் யுஎஸ்-64 திட்டத்தில் விற்பனையும் திரும்பப் பெறுதலும் ஆறு மாதம் நிறுத்தப்பட்டபோது அதில் பணம் வைத்திருந்த லட்சக்கணக்கானவர்களில் அவரும் ஒருவர். அரசாங்கத் திட்டம் என்று நம்பிப் போட்டதே அப்படி ஆனபோது பங்குச் சந்தையா? இரண்டு மாதம் யோசித்துத்தான் ஒப்புக்கொண்டார்.

2020 மார்ச் 23. ஒரே நாளில் சென்செக்ஸ் 3,934 புள்ளிகள் விழுந்து 25,981இல் முடிந்தது. 6 லட்சம் 4 லட்சத்து 30 ஆயிரமாகச் சுருங்கியிருந்தது. இருப்பதையாவது காப்பாற்ற வேண்டும் என்று இவர் துடித்தார். ஆலோசகர் தொலைபேசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அது எந்த வருடத்துக்கான பணம்?" இவர் சமாதானமாகவில்லை. விற்றே தீருவது என்று கணினி முன் உட்கார்ந்தவரை மனைவியின் குரல் நிறுத்தியது. "அது என்னோட பணம்னுதானே அந்தப் பொண்ணு சொன்னா? என் பணத்தை நீங்க ஏன் விக்கிறீங்க?"

இவர் எழுந்துவிட்டார். 2021 செப்டம்பரில் சென்செக்ஸ் 60,000ஐத் தாண்டியது. விழுந்தது எழாமலும் போகலாம், எழும் என்று ஆலோசகர் ஒருபோதும் வாக்குக் கொடுத்ததில்லை.

மறந்துவிடச் சொன்ன பாலிசிப் பணம் 2022இல் வந்தது. 5 லட்சத்து 43 ஆயிரம். அதையே 2017இல் மூத்த குடிமக்கள் திட்டத்தில் 8.4 சதவீதத்துக்குப் போட்டிருந்தால் ஐந்து வருட வட்டியே 2 லட்சத்து 10 ஆயிரம் வந்திருக்கும். ஒரு டீயின் விலை 1 லட்சத்து 67 ஆயிரம் என்று இவர் இப்போதும் சொல்வதுண்டு.

2023இல் அந்த அம்மாளுக்கு 60 நிறைந்தது. அந்த ஏப்ரலில் சேமிப்புத் திட்டத்தின் உச்சவரம்பு 30 லட்சமாகவும் வட்டி 8.2 சதவீதமாகவும் உயர்ந்தன. தபால் நிலையத்தில் தன் பெயரில் 5 லட்ச ரூபாய்க்குக் கணக்குத் தொடங்க அவர் போனபோது, கணவர் பழக்க தோஷத்தில் சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்தார். அந்த அம்மாள் படிவத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, மூக்குக் கண்ணாடியைப் போட்டு, முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தார். பின்னால் வரிசை நீண்டது. மூன்று இடங்களில் கவுண்டர்காரரிடம் சந்தேகம் கேட்டார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை 10,250 ரூபாய் அவர் கணக்கில் விழுகிறது. அதற்கு ஒரு தனி நோட்டு போட்டிருக்கிறார்.