பெயரை முதலில் எழுதுங்கள்



திருப்பலி முடிந்து கோவில் வாசலில் நிற்கும்போது அண்மைக்காலமாக என்னிடம் கேட்கப்படும் கேள்வி ஒன்று மறையியல் சார்ந்ததன்று: "ஃபாதர், என் பெயரில் ஓர் இணையதளம் தொடங்குவது எப்படி?" கேட்போருள் வேலை தேடும் மாணவர் உண்டு. ஊரில் செய்த தொழிலை இங்கே எவருக்கும் காட்ட இயலாதோரும் உண்டு. அத்தகைய ஒருவருக்கு அவருடைய மகளோடு சேர்ந்து உதவினேன். அவரது இசைவுடனேயே இதை எழுதுகிறேன்.

அவர் மன்னாரில் இருபது ஆண்டுகள் கட்டடப் படவரைஞராக இருந்தவர். சிற்றூர்க் கோவில்கள் சிலவற்றுக்குக் கையாலேயே வரைபடம் வரைந்தவர். இன்று டூங்கபியிலிருந்து விடியுமுன் பண்டகசாலை வேலைக்குச் செல்கிறார். வரைபடங்களின் படங்கள் கைப்பேசியில் இருந்தன. ஐந்தைத் தெரிந்தெடுத்து, ஒவ்வொன்றின் கீழும் இடம், ஆண்டு, அதில் தாம் செய்தது என்ன என்று எழுதுவது ஒரே மாலையில் முடிந்தது. பெயர்தான் முடியவில்லை.

நமக்குக் குடும்பப் பெயர் இல்லை என்பதை இந்நாட்டுப் படிவங்கள் ஏற்பதில்லை. அந்தக் கட்டத்தில் தந்தையின் பெயர் அமர்கிறது. மறைந்த தந்தையின் பெயரால் மகனை அழைக்கின்றனர். ("அப்பாவின் பெயரை நாள்தோறும் யாரேனும் சொல்வது நல்லதுதானே" என்றார் அவர். நான் மறுக்கவில்லை.) ஆனால் தளத்தின் முகவரியாகிய டொமைனில் எதை எழுதுவது? எந்த ஆங்கில எழுத்துகளில்? ஞானப்பிரகாசம் என்னும் பெயரை 'ஜி'யில் தொடங்குவோரும் உளர், 'என்'னில் தொடங்குவோரும் உளர். டூங்கபி என்னும் தாருக் மக்களின் சொல்லையே தொடக்ககாலக் குடியேற்ற ஆவணங்கள் பலவாறு எழுதிவைத்தன. கடவுச்சீட்டில் உள்ள எழுத்துகளையே கொள்ளுங்கள் என்பது என் கருத்து. வேலை தருபவர் தேடுவது அவற்றைத்தான்.

குழந்தைக்குத் தந்தையின் பெயரையே வைக்க உறவினர் முற்பட்டபோது, எழுதுபலகை கேட்டு வாங்கி வேறொரு பெயரை எழுதிய செக்கரியாவை அன்று நினைத்துக்கொண்டேன். நம் படவரைஞர் தம் பெயரை முன்னும் தந்தையின் பெயரைப் பின்னுமாக வைத்தார்.

இனி நடைமுறை. டொமைன் முகவரி என்றால், ஹோஸ்டிங் அந்த முகவரியில் நிற்கும் வீடு. இரண்டையும் ஒரே இடத்தில் வாங்க வேண்டும் என்பதில்லை. வாங்கிய பின் டி.என்.எஸ். அமைப்பில் முகவரியை வீட்டோடு இணைக்க வேண்டும். அது உலகெங்கும் பரவ இரண்டு நாள்வரை ஆகலாம், பதற வேண்டாம். 'டாட் காம் டாட் ஏயூ' வேண்டுமெனில் ஏ.பி.என். போன்ற வணிகப் பதிவு தேவை. 2022 மார்ச் 24 முதல் வெறும் 'டாட் ஏயூ'வும் கிடைக்கிறது. ஆஸ்திரேலியக் குடிமக்களும் நிரந்தர வதிவுரிமை பெற்றோரும் அதைப் பெறலாம். மாணவர் விசாவில் இருப்போருக்கு 'டாட் காம்' எளிது.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். டொமைன் உங்கள் பெயரிலேயே பதிவாக வேண்டும். தளம் அமைத்துத் தரும் நண்பர் எத்துணை நல்லவராயினும் அவர் பெயரில் வேண்டாம். பதிவுக்குக் கொடுக்கும் மின்னஞ்சல் அலுவலகத்தினுடையதாகவோ பல்கலைக்கழகத்தினுடையதாகவோ இருக்கலாகாது. அங்கிருந்து வெளியேறியபின் புதுப்பிக்கச் சொல்லும் கடிதம் உங்களை வந்தடையாது. டொமைனை நாம் வாங்குவதில்லை, காலக்கெடுவுக்கு வாடகைக்கு எடுக்கிறோம். கெடு தவறினால் அது பிறர் கைக்குப் போகலாம். முகநூலே போதுமே என்போர் ஜியோசிட்டீஸை நினைவுகூர்க. கோடிக்கணக்கான பக்கங்களைக் கொண்டிருந்த அந்த இலவச இடத்தை யாஹூ 2009இல் மூடிவிட்டது.

சாவியை இன்னொருவரிடமும் கொடுத்துவையுங்கள். நற்கருணை அற்புதங்களைத் தொகுத்து இணையத்தில் வைத்த கார்லோ அகுதிஸ் 2006இல் தம் பதினைந்தாம் வயதில் இறந்தார். 2025 செப்டம்பர் 7 அன்று திருத்தந்தை பதினான்காம் லியோ அவரைப் புனிதராக அறிவித்தபோதும் அத்தொகுப்பு இணையத்தில் இருந்தது. பிறர் அதைப் பேணிவந்தனர். நம் படவரைஞரின் கடவுச்சொற்களும் ஓர் உறையிலிடப்பட்டு மகளிடம் உள்ளன.

வரும் சனிக்கிழமை மாலைத் திருப்பலிக்குப்பின் ஒரு மணி நேரம் கோவில் மண்டபத்தில் இருப்பேன். மடிக்கணினி இல்லாதோரும் வரலாம். உங்கள் பெயரை, நீங்கள் அழைக்கப்பட விரும்பும் முறையில், ஒரு தாளில் எழுதிக் கொண்டுவாருங்கள்.