மனு எழுதுபவரும் லூமனும்

பீலெஃபெல்ட் பல்கலைக்கழகத்தில் 1969இல் தொடங்கிய சமூகவியல் துறையில் சேர்ந்தபோது, என்ன ஆய்வு செய்யப்போகிறீர்கள் என்று ஜெர்மன் சமூகவியலாளர் நிக்லாஸ் லூமனிடம் கேட்டார்கள். சமூகம் பற்றிய கோட்பாடு, காலம் 30 ஆண்டு, செலவு ஏதுமில்லை என்றார். 1997இல் அந்தக் கோட்பாடு நூலாக வந்தது. மறு ஆண்டு அவர் இறந்தார். அந்தக் கோட்பாட்டை நினைத்தால் என் மனம் எப்படியோ ஆட்சியர் அலுவலக வாசலுக்குப் போய்விடுகிறது.

திங்கட்கிழமை, மக்கள் குறைதீர்க்கும் நாள். வேப்பமரத்தடியில் மனு எழுதித் தரும் பெரியவர். எதிரே ஓர் அம்மா, புருஷன் போனது, கொழுந்தன் வீட்டைப் பூட்டியது, மகளின் படிப்பு நின்றது எல்லாவற்றையும் அழுதபடி சொன்னார். "அதெல்லாம் இருக்கட்டும்மா, இறந்த தேதி என்ன? சர்டிபிகேட் வாங்கிட்டியா?"

சமூகம் மனிதர்களால் ஆனதல்ல, தொடர்பாடல்களால் ஆனது என்று லூமன் எழுதியதைப் படித்தபோது எனக்குச் சுட்டது. மனிதரை வெளியே நிறுத்தும் கோட்பாடு எளியவருக்கு என்ன செய்யும்? ஆனால் அந்த அம்மாவின் துக்கம் வெளியேதான் நின்றது. தகுதி உண்டு, இல்லை என்ற இரண்டே விடை உள்ள இடத்துக்குள் தேதியும் சான்றிதழும்தான் நுழைந்தன. ஈரமுள்ள கிளார்க் வந்து உட்கார்ந்தாலும் படிவம் அதையேதான் கேட்கும்.

அமெரிக்கச் சமூகவியலாளர் டால்காட் பார்சன்ஸிடம் படிக்க 1960இல் ஹார்வர்டு போவதற்கு முன், லூமனும் லோயர் சாக்சனி மாநில நிர்வாகத்தில் அதிகாரியாக இருந்தவர். அது தெரிந்தபின் அவருடைய வறண்ட வாக்கியங்கள் எனக்கு அந்நியமாகத் தோன்றவில்லை.

கள ஆய்வில் எனக்கு மிகவும் உதவியது அவருடைய ஒப்பீட்டு முறை. ஒரு சிக்கலை எடுத்துக்கொண்டு, அதை வேறு எவையெல்லாம் தீர்க்கின்றன என்று தேடுவது. வாழ்க்கையை அலுவலகத்துக்குப் புரியும் தாளாக மாற்றுகிறவர் மரத்தடிப் பெரியவர். அவர் இல்லாத ஊரில்? கட்சிக்காரர், சுயஉதவிக் குழுத் தலைவி, இ-சேவை மையத்துப் பையன். ஒவ்வொருவர் கையிலும் கதையில் உதிர்வது வேறு, மிஞ்சுவது வேறு. இதை மனத்தில் வைத்துப் போனால் நேர்காணலே மாறிவிடும். "ஏன் தாமதம்?" என்று அலுவலகத்தில் கேட்டால் ஒருவரையொருவர் குறைசொல்வார்கள். "இந்த மனுவை எந்தத் தலைப்பில் சேர்ப்பீர்கள்?" என்று கேட்டால், கிளார்க் பதிவேட்டைத் திறந்து விளக்குவார்.

ஆய்வேட்டின் முதல் இயலை லூமனால் நிரப்பிவிட்டுக் களத்தில் அவரை மறப்பதால் யாருக்கும் பயனில்லை. இளம் ஆய்வாளர்களே, கலைச்சொற்களை விட்டுவிட்டு ஒரு சிக்கலை வேறு எவையெல்லாம் தீர்க்கின்றன என்ற கேள்வியை மட்டும் எடுத்துப்போங்கள். எது அலுவலகத்தின் காதில் விழவே வழியில்லை என்பதை மனு மனுவாக எழுதிக் காட்டுங்கள். படிவத்தை மாற்றச் சொல்வதற்கு அதுதான் ஆதாரம்.