விரிப்புக்கு அடியில்

2023 டிசம்பர் 18 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. மழை கொட்டியதை மறந்திருக்க மாட்டீர்கள். அவ்வெள்ளத்தில் மூழ்கிய வாகனங்கள் பின்னர் எங்கே போயின என்று எண்ணியதுண்டா?

வளைகுடாவில் பன்னிரண்டு ஆண்டுகள் உழைத்துத் திரும்பிய என் மைத்துனர், பழைய பென்ஸ் கார் ஒன்றைப் பார்க்கத் தூத்துக்குடிக்கு என்னையும் அழைத்தார். மதரஸா ஆசிரியனுக்கும் பென்ஸுக்கும் என்ன உறவு என்று சிரிக்காதீர்கள், துணைக்குத்தான் போனேன். வண்டி புதுமணப்பெண்ணாய் மினுங்கிற்று. உடன் வந்த மெக்கானிக்கோ அந்தப் பளபளப்பை ஏறிட்டும் பார்க்கவில்லை. இருக்கைப் பட்டையைக் கடைசிவரை இழுத்தார். அடிப்பகுதியில் காய்ந்த சேற்றுக் கறை! தரைவிரிப்பைத் தூக்கினார், இருக்கைத் திருகுகளில் துரு. “இத்தகைய கார்களில் மின்னணுப் பெட்டிகள் விரிப்புக்கு அடியிலும் இருக்கும். தண்ணீர் புகுந்த வண்டி இன்று ஓடும், என்று நிற்குமென்று யாராலும் சொல்ல முடியாது” என்றார்.

தானியக் குவியலுள் கைவிட்டு, விரலில் ஈரம் கண்டு, நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கலாகாதா என்று வணிகரிடம் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வினவிய நிகழ்ச்சியை எத்தனை முறை பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியிருப்பேன்! ஆயினும் குவியலுள் கைவிட எனக்குத் தோன்றவில்லையே. சர்வீஸ் பதிவேட்டையும் முந்தைய காப்பீட்டு இழப்பீட்டு விவரத்தையும் நாங்கள் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும்.

“வெள்ளத்தில் நின்ற வண்டியா?” என்றேன் விற்பவரிடம்.

“நீங்கள் கேட்கவில்லையே, ஹஜ்ரத்” என்றார், தலையைக் கவிழ்த்தபடி.

மைத்துனர் முன்பண உறையைப் பையில் வைத்துக்கொண்டார். பேருந்திலேயே ஊர் திரும்பினோம்.