மேழியும் ஹேண்டில்பாரும்

மண் ரோட்டுல வண்டி ஓட்டினா முன் சக்கரம் கொஞ்சம் ஆடத்தான் செய்யும். கல்லுல தட்டும், வண்டித்தடத்துல இறங்கும், மணல்ல நெளியும். வண்டி நல்ல நிலையில இருந்தா ஓட்டத்துலயே தானா நேராயிடும். ஆட்டம் அடங்காம வளர்ந்தாத்தான் ஆபத்து.

கோயமுத்தூர்ல வேலை பார்க்கிற எங்க அக்கா பையன்கிட்ட ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 இருக்கு. முன் சக்கரம் 21 இன்ச், பின் சக்கரம் 18. எங்க கரும்புக்காட்டு வழியில மான் மாதிரி போகும். போன மாசம் அதுல ஸ்டீரிங் டேம்பர் ஒண்ணு மாட்டிக்கிட்டு வந்தான்.

"80-க்கு மேல போனா ஹேண்டில் உதறுது மாமா. அதான் போட்டேன். நல்லா டைட்டா வச்சுட்டேன், இப்ப ஆடறதே இல்ல. ஞாயித்துக்கிழமை அம்மாவைப் பண்ணாரிக்குக் கூட்டிட்டுப் போறேன்."

உங்க ஆபீஸ் கண்ணாடிக் கதவுக்கு மேல, அது படார்னு சாத்தாம இருக்க ஒண்ணு மாட்டியிருப்பாங்க பாருங்க, டேம்பரும் ஏறக்குறைய அதே வேலைதான். ஒரு முனை சேஸிஸ்ல, இன்னொரு முனை ஃபோர்க் பக்கம். உள்ளே எண்ணெய். ஹேண்டிலை மெதுவாத் திருப்பினா எண்ணெய் சின்ன வழியில சுலபமாப் போகும். கல்லுல அடிபட்டு வெடுக்குன்னு திரும்பினா, அவ்வளவு வேகமாப் போக முடியாம எதிர்த்து நிக்கும். திருகு அந்த வழியைச் சுருக்கும், அகலமாக்கும்.

வரப்பு மேல ஓட்டிப் பார்த்தேன். மெதுவாப் போகும்போது ஹேண்டிலைச் சின்னச் சின்னதாத் திருப்பித்தான் வண்டியைச் சாயாம வச்சுக்கறோம். இது சேத்துல கால் வச்ச மாதிரி கனமா இருந்துச்சு.

ஏர் ஓட்டக் கத்துக்கிட்டப்ப அப்பா சொன்னது ஞாபகம் வந்துச்சு. மேழியை இறுக்கவும் கூடாது, விட்டுடவும் கூடாது. கொழு கல்லுல மோதினா மேழி கையில துள்ளும். மண்ணுக்குள்ள என்ன இருக்குன்னு அந்தத் துள்ளல்தான் சொல்லும். இறுக்கிப் பிடிச்சவனுக்குத் தோள் வலிதான் மிச்சம். ஹேண்டில் உதறலும் ஒரு சேதிதான். மாப்ள அதோட வாயைக் கட்டி வச்சிருந்தான்.

டேம்பரைக் கழட்டச் சொன்னேன். எஞ்சினுக்கு அடியில மரக்கட்டை கொடுத்து முன் சக்கரத்தைத் தூக்கினோம். ஃபோர்க்கோட அடிப்பகுதியைப் பிடிச்சு முன்னும் பின்னும் இழுத்தா 'டொக் டொக்'னு சத்தம். கோன் செட் லூஸ். முன் டயர்ல காத்தும் குறைவு. இதுக்கு மேல பின்னாடி பெட்டி நிறையச் சாமான். பின்பாரம் ஏறினா முன் சக்கரம் லேசாகும், உதறல் கூடும். அக்காவும் பின்னாடி உட்கார்ந்தா? நினைச்சுப் பார்க்கவே பயமா இருந்துச்சு.

மெக்கானிக்கிட்ட கோன் செட்டைச் சரி பண்ணி, ஹேண்டில் எங்கயும் பிடிக்காம இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை வழுக்கிட்டுப் போகுதான்னு பார்த்தோம். காத்து அடிச்சோம். டேம்பர் இல்லாமலே தார் ரோட்டுல ஓட்டிப் பார்த்தான்; உதறல் காணோம்.

அப்புறம்தான் டேம்பரைத் திரும்ப மாட்டினோம். திருகை முழுக்கத் தளர்த்தி, அங்கிருந்து 'கிளிக்' எண்ணிக்கிட்டே ரெண்டு ரெண்டா ஏத்தினோம். ஒவ்வொரு தடவையும் அதே கல்லு ரோட்டுல ஒரு ஓட்டம். நாலாவது கிளிக்ல கல்லுல அடிச்சாலும் கை அதிரல, வரப்புலயும் கனமாத் தெரியல. ஆறுல கனம் தெரிஞ்சது. நாலுக்கே இறக்கிட்டோம். அவன் வண்டிக்கும் அந்த ரோட்டுக்கும் அது நாலு. உங்க வண்டிக்கு நீங்கதான் எண்ணிப் பார்க்கணும்.

இவ்வளவு பண்ணியும் ஒரு நாள் உதறினா? ஹேண்டிலோட மல்லுக்கட்டாதீங்க, திடீர்னு பிரேக் பிடிக்காதீங்க. முழங்காலால டேங்கை அணைச்சு, கையைத் தளர்வா வச்சு, ஆக்சிலேட்டரை மெதுவா விடுங்க.

ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் பண்ணாரிக்குக் கிளம்பினாங்க. சாமான் பெட்டியைக் கழட்டி எங்க திண்ணையில வச்சுட்டுத்தான் போகவிட்டேன்.